இடப்பக்கத்துப் பெடல்

இருவர் ஓட்டும் சைக்கிளில் முன்னால் அமர்ந்தவர் சாலையைப் பார்ப்பார். பின்னால் அமர்ந்தவர் முன்னவரின் முதுகைப் பார்ப்பார். ஆகையால் முன்னவருக்கு ஒரு கடமை உண்டு. வருவது எதுவாயினும் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பள்ளம் வந்தால் "பள்ளம்" என்பார். ஏற்றம் வந்தால் "மேடு" என்பார். கால்களை நிறுத்த வேண்டுமாயின் "விடு" என்பார். பின்னவர் அந்தச் சொல்லையே கண்ணாகக் கொண்டு காலை இயக்குவார். பதினோர் ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அந்த மூன்று சொற்களை நம்பிப் பின்னிருக்கையில் அமர்ந்து வந்தவள் ஒரு மருந்துக்கடைக்காரி. முன்னிருக்கையில் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக்.

அவளுக்கு இடது முழங்கால் வலிக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முட்டிச் சில்லுக்கு அடியில், படி இறங்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாகப் பத்தாவது கிலோமீட்டரிலும் அது வந்து நின்றது. வலிக்குப் பூசும் களிம்பை நாளொன்றுக்கு இருபது பேருக்கு எடுத்துக் கொடுப்பவள் அவள். அந்தக் களிம்பால் எவ்வளவு ஆகும், எவ்வளவு ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். வலியை மூடிவைத்துவிட்டு மிதிப்பதற்கு அவள் உடன்படவில்லை.

அவர்களுடைய சைக்கிள் குழுவின் ஏரிச்சுற்று பன்னிரண்டு வாரத்தில் வரவிருந்தது. பெரிய நீர்த்தேக்கத்தை வலம்வரும் எண்பது கிலோமீட்டர், ஆண்டுக்கு ஒருமுறை. ஓட்டுபவர்களின் பெயரை ஆறு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

"இந்த ஒரு வருஷம் நீ ஓய்வெடும்மா. உன் தம்பி பின்னாடி உட்காரட்டும்" என்றான் கணவன், சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடி.

தம்பி எதிரேதான் அமர்ந்திருந்தான். பேருந்து ஓட்டுபவன், தோளும் தொடையுமாகத் தேக்குத் துண்டுபோல் இருப்பான். "அக்கா, நான் பின்னாடி ஏறிட்டேன்னா மாமா மிதிக்கவே வேண்டாம். சும்மா ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு வந்தாப் போதும்."

"இப்ப மட்டும் என்ன பண்றாராம்?"

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். கணவன் தண்ணீர் எடுக்க எழுந்து போனான்.

"நாள் முழுக்க பஸ்ல உட்கார்ந்துதானே இருக்கே? ஞாயித்துக்கிழமையும் உனக்கு ஒரு சீட் வேணுமா?" என்றாள் அவள். "அது என் இடம்டா. பேர் கொடுக்க ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள வலி போகலைன்னா, யாரும் சொல்ல வேண்டாம், நானே எழுந்து தந்துடறேன்."

சொன்ன சொல் மாறாதவள் என்பதை மற்ற இருவரும் அறிவர்.

*

இயன்முறை மருத்துவரான அந்த அம்மையாரை அவரிடம் வந்து போனவர்கள் எல்லாரும் படிக்கட்டம்மா என்றே அழைத்தனர். எந்தக் கால்வலிக்கும் அவர் படி ஏற வைப்பார், அதைவிட மிகுதியாகப் படி இறங்க வைப்பார் என்பதால் வந்த பெயர். அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அதன்முன் ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை. கொக்கிகளில் மாலைபோல் தொங்கும் ரப்பர் பட்டைகள். மூலையில் நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிள். வண்டிகள் நிறுத்தும் வெளியைப் பார்த்த ஒரு சன்னல்.

பலகைமேல் ஏறி, ஒற்றைக்காலில் நின்று, மற்றக் குதிகாலைத் தரையில் மெல்லத் தொடச் சொன்னார். தொட்டாள். கண்ணாடியில் அவளுடைய இடது முட்டி உட்பக்கமாகச் சாய்ந்தது.

"பார்த்தீங்களா? முட்டி பாவம், நடுவுல மாட்டிக்கிட்டது. மேல இடுப்புச் சதை பிடிச்சுக்கணும், தொடைச் சதை தாங்கணும். ரெண்டும் அசந்துட்டா முட்டிதான் அடி வாங்கும்."

"ஓய்வு எடுக்கணுமா மேடம்?"

"ஓய்வா? வலிக்குதுன்னு பொத்திப் பொத்தி வச்சா மூட்டு இன்னும் பயந்தாங்கொள்ளி ஆயிடும். வேலை கொடுக்கணும். அளந்து கொடுக்கணும்."

அளந்தே கொடுத்தார். பக்கவாட்டில் படுத்து மேல்காலை உயர்த்துதல். சுவரில் முதுகு சாய்த்து, இல்லாத நாற்காலியில் அமர்ந்திருத்தல். உள்ள நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலால் எழுதல். கடைசியாக, நான்கு எண்ணுவதற்குள் ஒரு படி இறங்குதல். வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று. சைக்கிளில் கனமான கியரை விட்டுவிட்டு இலேசான கியரில் கால்களை விரைவாகச் சுழற்ற வேண்டும் என்றார். இருக்கையை ஒரு விரல் உயர்த்தச் சொன்னார்.

"வலிச்சா?"

"பத்துக்கு மூணு வரைக்கும் வலிக்கலாம். மறுநாள் காலையில அடங்கியிருக்கணும். அடங்கலைன்னா எண்ணிக்கையைக் குறைங்க. நிறுத்தாதீங்க." வாயில்வரை வந்து மீண்டும் சொன்னார்: "குறைக்கலாம். நிறுத்தக் கூடாது."

வீட்டில் கணவன் ஒரு அட்டை செய்தான். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்ட் இயந்திர அறையில் ஒரு சோதனை அட்டை தொங்கும். நாள், பார்த்த வேலை, டிக், கையெழுத்து. அதே கோடுகள், அதே கட்டங்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, நூலில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டான். அவள் முறையாகச் செய்தாள். பதிகம் ஓதுபவர் பாட்டை இடையில் விடாததுபோல் பத்தில் ஒன்றையும் விடாமல் செய்தாள். முடியாத நாளில் டிக் அடிக்காமல் "ஏழு" என்று எழுதினாள். மருந்தடுக்குகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, இல்லாத நாற்காலியில் அவள் அமர்ந்திருந்ததைக் கண்ட வாடிக்கைக்காரர் ஒருவர், "ஏம்மா, கடை உங்களோடதுதானே? ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கக் கூடாதா?" என்று உண்மையாகவே வருந்தினார்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த வீட்டுக்கு லிஃப்ட் இல்லை. நான்காம் வாரத்தில் ஒருநாள் குப்பைப் பையோடு கீழே இறங்கி வந்து, தெருவில் நின்றபின்தான் அவளுக்கு உறைத்தது, அறுபது படியிலும் முழங்காலை நினைக்கவே இல்லை என்பது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்தாவது கிலோமீட்டரில் வலி வழக்கம்போல் வந்தது. பத்துக்கு மூன்று அல்ல, ஆறு. அடுத்த ஞாயிறும் ஆறு. கியர் இலேசாக இருந்தது, இருக்கை உயர்ந்திருந்தது, கால் வலுத்திருந்தது. எல்லாம் இருந்தும் இடப்பக்கத்துப் பெடல் ஒவ்வொரு சுற்றிலும் அவள் காலுக்கடியில் கல்லாகக் கனத்தது. ஓசை சீராக வரும் செய்யுளில் ஓரிடத்தில் மட்டும் தளை தட்டுவதுபோல் வலது, இடது, வலது, இடது என்ற ஓட்டத்தில் இடது மட்டும் தட்டிற்று. தவறு தன் காலில்தான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

*

ஆறாம் வாரத்துச் சனிக்கிழமை. மாலைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். காலையில் படிக்கட்டம்மா அவளை மூலைச் சைக்கிளில் ஏற்றி நாற்பது நிமிடம் ஓடவிட்டார். ஏற்றத்துக்கு ஈடான பளுவையும் கூட்டினார்.

"வலி?"

"இல்லை."

"பொய்?"

"இல்லை மேடம். சுத்தமா இல்லை."

அம்மையார் இடுப்பில் கைவைத்து நின்றார். "தனியா ஓட்டினா வலியில்லை. ஜோடியா ஓட்டினா வலி. அப்போ கோளாறு மூட்டுல இல்லை, ஜோடியில."

"அதுக்கு வைத்தியம் வேற ரூம்லயா பார்ப்பாங்க?"

"இங்கேயேதான். போன் போடுங்க. வண்டியையும் வீட்டுக்காரரையும் சேர்த்து வரச் சொல்லுங்க."

ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். நீளமான சைக்கிளின் முன்பகுதியைக் கணவனும் பின்பகுதியைத் தம்பியும் தூக்கி மாடியிலிருந்து இறக்கியிருந்தனர். தம்பி சைக்கிள் ஓட்டும் உடையிலேயே வந்திருந்தான்.

"யாராவது கூப்பிட்டாங்களாடா?"

"முடிவு எப்படி வந்தாலும் தயாரா இருக்கலாம்னுதான் அக்கா."

வண்டி நிறுத்தும் வெளி காலியாக இருந்தது. கணவனும் மனைவியும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். படிக்கட்டம்மா இடப்பக்கத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்தார். பிறகு நால்வரும் நிழலில் நின்று அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தனர்.

"இவங்க முட்டியைப் பாருங்க. அன்னைக்கு உள்ளே சாஞ்சுது. இன்னைக்குக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. இடுப்பும் ஆடலை" என்றார் அம்மையார். அவர் குரலில் பெருமையும் குழப்பமும் கலந்திருந்தன. "அப்புறம் ஏன் வலிக்குது?"

கணவன் முட்டியைப் பார்க்கவில்லை, சங்கிலியைப் பார்த்தான். அந்தச் சைக்கிளில் இடப்பக்கமாக ஒரு நீளச் சங்கிலி முன்னவரின் பெடலையும் பின்னவரின் பெடலையும் பிணைக்கிறது. இருவரின் இடது காலும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். முன்னவர் மிதித்தால் மேற்சங்கிலி விறைக்கும். முன்னவர் மிதிக்காமல் பின்னவரே இருவர் காலையும் சேர்த்துச் சுழற்றினால் மேற்சங்கிலி தொய்ந்து கீழ்ச்சங்கிலி விறைக்கும். படத்தில் வலது கால் இறங்கும்போதெல்லாம் மேற்சங்கிலி நாண்போல் நின்றது. இடது கால் இறங்கும்போதெல்லாம் தொய்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் தொய்ந்தது.

இருபது ஆண்டுகளாக லிஃப்டின் கம்பிவடங்களில் எது தாங்குகிறது, எது தாங்குவதுபோல் நடிக்கிறது என்று பார்த்துச் சொல்வதே அவன் தொழில். அங்கிருந்த நால்வரில் அந்தத் தொய்வைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே.

"என்ன மாமா, சங்கிலியை அப்படிப் பார்க்கறீங்க? மாத்தணுமா?" என்றான் தம்பி.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகத்தில் கலக்கம் இல்லை. கணக்கு முடிந்த தெளிவே இருந்தது. "சரி. ஆறு வாரம் கேட்டேன், கொடுத்தீங்க. மேடம் சொன்னதெல்லாம் செஞ்சேன். வலி போகலை. சொன்னா சொன்னதுதான்." தலைக்கவசத்தைத் தம்பியிடம் நீட்டினாள். "போய் உன் பேரைக் கொடுடா."

தம்பி கையை நீட்டவில்லை. இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தவன், கொடுக்கும்போது வாங்கத் தெரியாமல் நின்றான்.

"பள்ளம்" என்றான் கணவன்.

தரையில் நின்றிருந்தாலும் பதினோர் ஆண்டுப் பழக்கத்தில் அவள் குதிகால்கள் தாமாகவே சற்று உயர்ந்தன. "எங்கே?"

"என் கால்ல."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து சிறிய அறுவை நடந்தது. தையல் பிரித்தபின் ஆறு வாரத்துக்கு உடற்பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். நாளுக்கு ஒரு கட்டம், நாற்பத்திரண்டு கட்டங்கள். வலி நின்றுவிட்டது, நடக்க முடிந்தது, வேலையும் குவிந்து கிடந்தது. மறுபரிசோதனைக்கு முந்தின நாள் ஒரு கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில் நின்றபடி, நாற்பத்திரண்டு டிக்கையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தான். அதை இப்போது வரிசையாகச் சொன்னான். ஏற்றத்தில் இடது காலில் பிடிப்பில்லாததை உணர்ந்திருந்தான் என்பதையும், அது அவளுக்குத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டதையும் சொன்னான்.

"லிஃப்ட்ல டிக் அடிச்சிருக்கீங்களா, இப்படி?"

"சத்தியமா இல்லை. அதுல மனுஷங்க போறாங்க."

"என் சைக்கிள்ல?"

அவன் தன் இடது காலைப் பார்த்தான்.

"அந்தத் தாளை நான் பார்த்தேனே" என்றாள் அவள் மெல்ல. "எல்லா டிக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. கடைக்கு வர்ற போலிச் சீட்டை ஒரு பார்வையில பிடிக்கிறவ நான். உங்க தாளை நான் சோதிக்கவே இல்லை. படிச்சுட்டு மடிச்சு வச்சேன்."

படிக்கட்டம்மா பேச்சை வளரவிடவில்லை. எல்லாரையும் உள்ளே அழைத்துப்போய், கணவனைப் பலகைமேல் ஏற்றினார். வலது காலால் அழகாக இறங்கினான். இடது காலால் இறங்கப் பார்த்தபோது முட்டி உள்ளே மடங்கி, இடுப்பு சரிந்து, கை சன்னல் கம்பியைப் பிடித்தது. நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழச் சொன்னார். வலது பதினொன்று. இடது மூன்று.

தம்பி விசில் அடித்தான். "மாமா, நான் அன்னைக்கு வேடிக்கையாத்தான் சொன்னேன், ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு வந்தாப் போதும்னு."

"சும்மா இருடா" என்றாள் அக்கா. ஆனால் உதட்டோரம் நெளிந்தது. கணவனை நோக்கித் திரும்பினாள். "சாமி தன் இடப்பக்கத்தைப் பொண்டாட்டிக்குக் கொடுத்தாருன்னு பாட்டுல கேட்டிருக்கேன். நீங்க இடப்பக்கத்து வேலையையும் சேர்த்துல்ல கொடுத்திருக்கீங்க!"

"உனக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

"சாலையில ஒரு கல் கிடந்தாக்கூட விடாமச் சொல்றீங்க. இதைச் சொல்லலையே."

சன்னலுக்கு வெளியே சாத்தி வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். பிறகு தம்பியிடமிருந்து தலைக்கவசத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவன் எப்போது அதை வாங்கினான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

"பேரைக் கொடுங்க. நாங்க ரெண்டு பேர்தான். இன்னும் ஆறு வாரம் இருக்கு. மேடம், இவருக்கும் அதே பாடத்தை ஆரம்பிங்க."

"ஆறு வாரத்துல முழுசா வராது" என்றார் படிக்கட்டம்மா. "உங்க கால்மேல விழுற சுமை குறையற அளவுக்கு வரும். அதை நான் கொண்டுவந்துடறேன்."

"நான் ஒழுங்காச் செய்யறேன்" என்றான் கணவன். "அட்டையில நீயே டிக் அடி."

"அட்டை வேண்டாம். எனக்குப் பெடல் சொல்லிடும். ஏரிச்சுத்துல எனக்கு வலி மூணைத் தாண்டினா, அந்த இடத்துல தம்பி ஏறிக்குவான்."

"சரிம்மா. பின்னாடி அவன்..."

"பின்னாடி இல்லை. முன்னாடி."

தம்பி நிமிர்ந்தான். "பஸ் ஓட்டுறவனுக்கு அதுதானே பழக்கம்!"

*

அந்த ஆறு வாரமும் கணவன் செய்ததை யாரும் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய பயிற்சி முன்போலவே நடந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் அட்டை மட்டும் நிறைந்துகொண்டு வந்தது. அவன் இயந்திர அறைகளில் செய்தான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டில் ஏறி, பழுது பார்த்து, படிவழியே இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் நான்கு எண்ணி. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளி, லிஃப்டைச் சரிசெய்த ஆளே அதில் இறங்க அஞ்சுகிறான் என்று கருதி, அன்று முழுவதும் தானும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் காலால் கேட்டாள். முதல் வாரத்தில் இடது பெடல் கல்லாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் மரமாயிற்று. வலி ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று. அவள் முதுகைப் பார்த்தபடி மிதித்தாள்.

ஏரிச்சுற்று விடிகாலையில் தொடங்கிற்று. நீர்ப்பரப்பு ஒருபுறம் கிடந்தது கண்ணாடிபோல். மறுபுறம் கரடும் புதரும். தம்பி குழுவின் துணைவண்டியை ஓட்டிக்கொண்டு, சைக்கிள் உடையோடும் தலைக்கவசத்தோடும், நிறுத்தம்தோறும் முன்னதாகப் போய் நின்றான்.

இருபதாம் கிலோமீட்டரில் கேட்டான்: "அக்கா, வலி?"

"ஒண்ணு."

நாற்பதில் கேட்டான். "ஒண்ணு."

அறுபதில் அவன் குரலில் நம்பிக்கை குறைந்திருந்தது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு அக்கா."

"ரெண்டு. போடா."

அறுபத்தைந்தாம் கிலோமீட்டரில் அணையை நோக்கி ஏறும் நீண்ட சாலை தொடங்கிற்று. முன்பெல்லாம் அங்கேதான் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"மேடு" என்றான் கணவன்.

கியரை இலேசாக்கினான். கால்கள் சுழன்றன. வெயில் முதுகில் ஏறிற்று. அவன் சட்டையில் வியர்வை வரைபடம்போல் விரிந்தது. பாதி ஏற்றத்தில் அவளுக்கு ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. இடது கால் இறங்கவேண்டிய கணத்தில், அவள் அழுத்துமுன், பெடல் தானாகவே ஒரு நூலளவு இறங்கிக் கொடுத்தது. அடுத்த சுற்றிலும் கொடுத்தது. அவள் சோதிக்க எண்ணினாள். ஒரே ஒரு சுற்றுக்கு இடது பாதத்தைப் பெடலின்மேல் வெறுமனே வைத்தாள், அழுத்தவில்லை. வண்டி தயங்கவில்லை. பெடல் அவள் பாதத்தைச் சுமந்துகொண்டு, மிதிபட்டு, இறங்கி, ஏறி வந்தது. வலது, இடது, வலது, இடது. தளை தட்டவில்லை.

"என்ன, காலை எடுத்துட்டியா?" திரும்பாமலே கேட்டான், மூச்சு வாங்க.

"டிக் அடிச்சேன்."

உச்சியில் தம்பி துணைவண்டியின் நிழலில் காத்திருந்தான். இருவரும் இறங்கினார்கள். "அக்கா, கடைசியாக் கேட்கறேன். வலி எத்தனை?"

"ரெண்டு."

கணவன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அவன் இடது தொடை வெளிப்படையாக நடுங்கியது. யாரும் அவனைக் கேட்கவில்லை. ஒப்பந்தமும் அவள் வலியைப் பற்றியதுதான்; அவன் வலியை எவரும் அதில் சேர்க்கவில்லை.

"எனக்கு நாலு" என்றான்.

தம்பியின் கண்கள் விரிந்தன. கை தன்போக்கில் தலைக்கவசத்தின் வாரை இறுக்கியது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பதினோர் ஆண்டுகளாக முதுகையே பார்த்துப் பழகியவள் சற்றுக் கூடுதலாகவே பார்த்தாள்.

"நாலுன்னா குறைக்கணும்" என்றாள். "நிறுத்தக் கூடாது. இன்னும் பத்து கிலோமீட்டர்தானே? சின்னக் கியர்ல போவோம். ஏறுங்க."

ஏறினார்கள். தம்பி வாரைத் தளர்த்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, துணைவண்டியின் இருக்கையில் வைத்தான்.

"விடு" என்றான் கணவன், இறக்கம் தொடங்கும் இடத்தில். இருவர் கால்களும் ஒன்றாக நின்றன.